தம்பியின் ஃப்ளைட் கன்ட்ரோலர்

செலாயாங்கில் ஓர் அடுக்குமாடியில் ஒரு லிஃப்ட், யாரும் பொத்தானை அழுத்தாமலேயே ஏழாவது மாடிக்குப் போய் நிற்கும். கதவு திறக்கும். உள்ளேயும் ஆள் இருக்காது, வெளியேயும் இருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்துவிட்டுக் கதவை மூடிக்கொள்ளும். ஏழாவது மாடியில் ஒரு பெரியவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால் குடியிருப்பே அரண்டு போயிருந்தது. நான் போனபோது லிஃப்ட்டின் நான்கு மூலைகளிலும் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருந்தார்கள். மிதித்து வழுக்கியதுதான் எனக்குக் கிடைத்த பலன்.

நான் முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவன். குழிக்குள் நின்றுகொண்டு பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் கூட்டாளிக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை. அன்றைக்கு அரைமணி நேரத்தில் பேயைப் பிடித்துவிட்டேன். அந்த லிஃப்ட்டின் கன்ட்ரோல் போர்டு வேறொரு கட்டடத்தில் கழற்றி வந்து மாட்டியது. ஆள் இல்லாத நேரத்தில் லிஃப்ட் எந்த மாடியில் போய் நிற்க வேண்டும் என்று போர்டில் எழுதி வைக்கலாம். பழைய கட்டடத்தில் முதலாளியின் அறை ஏழாவது மாடியில் இருந்திருக்கிறது. மாட்டியவன் அந்த எண்ணை மாற்ற மறந்துவிட்டான்.

"பேய் இல்ல ஆன்டி, செட்டிங்," என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆன்டிக்கு மட்டும் முகம் சுருங்கிப் போனது. இறந்தவர் அவருடைய கணவர் என்று பிறகுதான் சொன்னார்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பல கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

எனக்கு ஒரே தம்பி. ஆறு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கிள்ளானில் நான் இருப்பது அப்பா வாங்கிய ஓரவீடு. பக்கவாட்டில் சிமெண்டு போட்ட முற்றம் உண்டு. தம்பி கல்யாணம் ஆகி பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போன பிறகும் ஒரு சாவியை வைத்துக்கொண்டு நினைத்த நேரத்தில் வந்து போவான். அப்பா இறந்த பிறகு ஒருநாள், நான் வேலையில் இருந்தபோது வந்து அப்பாவின் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கோபம் எல்லாருக்கும் தெரிந்த கோபம். மறுநாளே பூட்டை மாற்றினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். முற்றத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினான். திரும்பவில்லை. இன்னொரு முறை திருப்பினான். நான் உள்ளே ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவன் கூப்பிடவில்லை. சாவியைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

போன வருடம் அவனுக்கு வேலையிடத்தில் மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெறுப்போடுதான் போனானா, இல்லையா? இந்த ஒரு கேள்வியோடுதான் கொள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

முதல் திதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தம்பி மனைவி கூப்பிட்டு அனுப்பினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஒரு பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பாதி கட்டிய ட்ரோன் ஒன்று, நான்கு கையும் நான்கு மோட்டாரும், ஒரு ரிமோட், ஒரு பழைய மடிக்கணினி. அடியில் அப்பாவின் கருவிகள்.

"ஒவ்வொரு சண்டேவும் பூச்சோங்ல ஒரு திடலுக்குப் போறேன்னு போவாரு மாமா. பழசு ஒடஞ்சிருச்சின்னு புதுசா செஞ்சிக்கிட்டு இருந்தாரு. திதி அன்னைக்கு ஒரே ஒரு தடவ பறந்தா போதும். உங்களால முடியும்லா."

சரி என்றேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மாமா. நீங்க ஒரு நாளு அவருகிட்ட பேசினீங்கதானே? என்ன சொன்னீங்க?"

"நானா?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். சண்டே சாயந்தரம் வந்தாரு. ஒரே சிரிப்பு. 'அண்ணே இன்னைக்கு எங்கிட்ட பேசிட்டாரு'ன்னாரு. என்ன பேசினாருன்னு கேட்டா சொல்லவே இல்ல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாரு."

நான் தண்ணீரைக் குடித்தேன். ஆறு வருடத்தில் ஒரு வார்த்தைகூட நான் அவனிடம் பேசியதில்லை. தொலைபேசியில்கூட இல்லை. "ஞாபகம் இல்லம்மா," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். கிள்ளான் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மனைவியிடம் என் மானத்தைக் காப்பாற்ற அவன் பொய் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால், அவனிடம் என் குரலில் பேசியது யார்?

அவன் அறையைத்தான் நான் பழைய சாமான் போடும் அறையாக ஆக்கியிருந்தேன். அங்கேயே மேசையை ஒதுக்கி வேலையை ஆரம்பித்தேன். மோட்டார், கம்பி, பேட்டரியெல்லாம் எனக்குப் புதிதல்ல. எந்த ஃப்ளைட் கன்ட்ரோலரைப் போடுவது என்று முடிவு செய்வதில்தான் நாள் ஓடியது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன போர்டு அது. ட்ரோனின் மூளை. காற்று தள்ளினால் எந்த மோட்டாரை எவ்வளவு வேகமாகச் சுற்றுவது என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கணக்குப் போடுவது அதுதான். பெட்டியில் புது போர்டு இல்லை. உடைந்த ட்ரோனிலிருந்து கழற்றிய பழைய போர்டு ஒன்று மட்டும் துணியில் சுற்றி இருந்தது.

கோலாலம்பூரில் மின்னணுச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடையில் இருந்தவர் ராமநாதபுரம் பக்கமிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். பொறுமைசாலி. மூன்று போர்டுகளை எடுத்து வைத்தார்.

"இது ரேஸ் விடுற பசங்களுக்கு சார். வேகம் ஜாஸ்தி, ஆனா கையை எடுத்தீங்கன்னா விழுந்துரும். இது கம்பெனிக்காரன் போட்டதத் தவிர வேற எதையும் மாத்த விடாது. இது உங்களுக்கு சரியா வரும். ஜிபிஎஸ் போட்டுட்டீங்கன்னா நின்ன எடத்துல நிக்கும். சிக்னல் போனாலும், சுவிட்சத் தட்டுனாலும் கெளம்புன எடத்துக்கே தானா வந்து எறங்கும். இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா சார்?"

"ஓட்டினதில்ல. ஒரு தடவ எங்க வீட்டு மேல ஒண்ணு வந்து நின்னுச்சி. பைப்ப எடுத்து தண்ணி அடிச்சேன்."

அவர் சிரித்தார். நான் பையிலிருந்து தம்பியின் போர்டை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். அவர் மூன்றாவதாகக் காட்டிய அதே வகை, கொஞ்சம் பழையது. ஒரு ஓரத்தில் ஈரம் பட்டுப் பச்சை பூத்திருந்தது.

"ஓடும் சார். ஆனா புதுசே வாங்கிருங்க. பழைய போர்டுல மத்தவங்க என்னென்ன எழுதி வெச்சிருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. போடுறதா இருந்தா மொத்தமா அழிச்சிட்டுப் போடுங்க."

என்னிடமா சொல்கிறார்? செலாயாங் கதையை அவருக்கும் ஒருமுறை சொன்னேன். போர்டு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதிது எப்போது காலை வாரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் ஓடிய போர்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. திதிக்குப் பறக்கப் போவது அவனுடையதாக இருக்க வேண்டுமானால் மூளை அவனுடையதாக இருக்க வேண்டும். புது மென்பொருளை ஏற்றினேன், திசைகாட்டியைச் சரிபார்த்தேன், மட்டம் பார்த்தேன். புது மென்பொருள் ஏறியதும் பழையது எல்லாம் போய்விட்டது என்று நம்பினேன். லிஃப்ட் போர்டை மாற்றினால் நான் முதலில் பார்ப்பது எந்த மாடியில் நிற்கும் என்ற எண்ணைத்தான். அதைப் பார்க்காதவர்களை முப்பது வருடம் திட்டித் தீர்த்தவன், அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் சோதனைக்குப் போனேன். ஒரே புகைமூட்டம். எதிர்வீட்டுக் கூரையே மங்கலாகத் தெரிந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லை. எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் பெரிய கால்வாய், அதைத் தாண்டினால் திடல். இரண்டு தெருத் தூரம்கூட இல்லை. திடலில் ஆள் யாரும் இல்லை. வழக்கமாகக் குரைக்கிற நாய்கள்கூட எங்கோ போயிருந்தன.

பேட்டரியை மாட்டியதும் போர்டு மூன்று தடவை சின்னதாகக் கூவியது. செயற்கைக்கோள் கிடைத்ததும் விளக்கு பச்சைக்கு மாறியது. மெல்ல ஏற்றினேன். தலைக்கு மேல் வந்து ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. கொஞ்சம் முன்னால் கொண்டுபோய், திரும்பி வரும் சுவிட்சைத் தட்டினேன்.

அது இன்னும் உயரம் ஏறியது. அதுவரைக்கும் சரி. பிறகு நிதானமாக, யாரோ கூப்பிட்ட திசைக்குத் திரும்புவதுபோல முகத்தைத் திருப்பியது. என் பக்கம் அல்ல. கால்வாயைத் தாண்டி, வீடுகளை நோக்கி. நான் "ஏய், ஏய்" என்றேன், நாயைக் கூப்பிடுவதுபோல. அது புகைக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையால் ஓட்டினால் யார் தலையில் விழுமோ என்ற பயத்தில் ரிமோட்டைத் தொடாமல் நின்றேன்.

கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, உங்க சாமான் இங்கதான் வந்து நிக்குது."

"எங்க?"

"நம்ம வீட்டு மேல. என்னங்க இது, எறங்குது. முத்தத்துல எறங்குது. நீங்கதானே ஓட்டுறீங்க?"

நான் கைபேசியை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். முற்றத்தில் விசிறிகள் நின்று, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்துகிற அதே இடம். மூக்கு வாசலைப் பார்த்தபடி இருந்தது. மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் நின்றது போலவே.

"கதவ தெறக்கவான்னு யோசிச்சேன்," என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்த் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

யாரோ குறும்புக்காரன் இடையில் புகுந்து ஓட்டுகிறான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பேட்டரியை மாற்றி, இந்தத் தடவை திடலின் மறுகோடிக்குப் போய் ஏற்றினேன். சுவிட்சைத் தட்டினேன். ஏறியது, திரும்பியது, போனது. நான் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில் மனைவி மூச்சு விடுவது கேட்டது. பிறகு அந்த ரீங்காரம் கேட்டது, முதலில் மெல்லிசாக, பிறகு பெரிதாக.

"வந்திருச்சிங்க," என்றாள். "அதே எடம்தான்."

கைபேசியைப் பைக்குள் போட்டேன். பேய் இல்லை, செட்டிங் என்று வாய் விட்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் செலாயாங் ஆன்டியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. செட்டிங்தான். ஆனால் செட்டிங் என்றால் ஒருவர் உட்கார்ந்து எழுதியது. அந்த மாடியில் வந்து நிற்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்.

அன்று மதியம் அவனுடைய மடிக்கணினியில் போர்டைச் செருகி, அதன் நினைவில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். இந்த வகைப் போர்டில் கிளம்பிய இடம் தவிர, அவசரத்துக்கு இறங்க வேறு ஓர் இடத்தையும் குறித்து வைக்கலாம். பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால் அங்கேதான் போகும். புது மென்பொருள் அதைத் தொடாது. வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. பெரிதாக்கினேன். எங்கள் ஓரவீட்டின் முற்றம்.

போர்டின் மெமரி கார்டில் பழைய பறப்புகளும் பதிவாகியிருந்தன. அத்தனையும் ஞாயிற்றுக்கிழமைகள். பூச்சோங் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கால்வாய்க்கு அந்தப் பக்கமுள்ள இதே திடல். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான்வரை வந்து, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நின்று பறக்க விட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் வராமல் திரும்பிப் போயிருக்கிறான். கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கோடும் எங்கள் கூரைக்கு மேல் வந்து, கொஞ்சம் நின்று, திரும்பிப் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கீழே என்ன செய்துகொண்டிருந்தேன்? கார் கழுவியிருப்பேன். சட்டையில்லாமல் பேப்பர் படித்திருப்பேன். அவன் ட்ரோனின் கேமரா வழியே ரிமோட்டின் சின்னத் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒரே ஒரு பறப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. வழக்கத்தைவிடத் தாழ்வாக வந்திருந்தது, எங்கள் முற்றத்துக்கு மேல் இரண்டு ஆள் உயரம். நான்கு நிமிடம் அங்கேயே. பிறகு திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, உலுக்கி, நேராக மேலே ஏறியிருந்தது. என்ன தள்ளியிருக்கும் என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? தண்ணீர்.

அன்றைக்குக் கார் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் குளவி மாதிரி ஒரே இரைச்சல். எந்த வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்க்க வந்தானோ என்று ரத்தம் கொதித்தது. கையிலிருந்த பைப்பைத் திருப்பி அடித்தேன். அடித்துவிட்டு, என் லிஃப்ட் குழித் தொண்டையை முழுசாகத் திறந்து கத்தினேன். "எவன்டா அது? ஒளிஞ்சி நின்னு பாக்கிறியா? தைரியம் இருந்தா எறங்கி வாடா! இங்கதான் நிக்கிறேன், எறங்கி வாடா!" மூன்றாவது வீட்டு அங்கிள் வெளியே வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலை அமைதியில் அந்தச் சத்தம் கால்வாயைத் தாண்டித் திடல்வரை நிச்சயம் போயிருக்கும். என் குரலை அவனுக்கு அடையாளம் தெரியாதா?

அதுதான் நான் அவனிடம் பேசியது. அண்ணன் பேசிட்டாரு என்று சிரித்துக்கொண்டு போயிருக்கிறான். எங்கள் வீட்டில் திட்டு என்பது தினசரி நடப்பு. பேசாமல் இருப்பதுதான் தண்டனை. எனக்கு அழுகை வந்தது. பழைய சாமான்களுக்கு நடுவே, அவன் அறையில், மனைவி கேட்கட்டும் என்றே அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியையும் பார்த்தேன். அந்தப் பறப்புவரை இருந்த பதிவுகளில் முற்றத்துப் புள்ளி இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாப் பதிவிலும் இருந்தது. குறித்து வைத்தவன், ஒரு தடவைகூட அந்தச் சுவிட்சைத் தட்டியிருக்கவில்லை.

திதி அன்று தம்பி மனைவி காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐயர் போன பிறகு, முற்றத்திலிருந்த காரை வெளியே எடுத்தேன். கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தேன். வீட்டுக் கதவையும் திறந்தே வைக்கச் சொன்னேன். இறங்குவதற்கு முன் மேலே ஒரு நிமிடம் காத்திருக்கும்படி மட்டும் போர்டில் மாற்றியிருந்தேன். புள்ளியில் கை வைக்கவில்லை.

திடலிலிருந்து ஏற்றினேன். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது. சுவிட்சைத் தட்டினேன். திரும்பி வீட்டைப் பார்த்துப் போனது. நான் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். இந்த வயதில், வேட்டியோடு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தபோது அது கூரைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. பிறகு மெல்லக் கீழே வர ஆரம்பித்தது. தம்பி மனைவியின் முந்தானை அந்தக் காற்றில் படபடத்தது. அவள் நகரவில்லை.

"இவரு இங்கதான் வந்துக்கிட்டு இருந்தாரா மாமா?"

தலையாட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு நெசமாவே பேசியிருக்கீங்க. என்ன சொன்னீங்க?"

அது வாசலைப் பார்த்தபடி தரையைத் தொட்டது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"எறங்கி வாடான்னு சொன்னேன்மா," என்றேன்.